குச்சியும் தகதிமியும்

சோழவரம்

அன்பு மகனுக்கு,

டிரம் செட் கேட்டு நீ அடம்பிடிப்பதாக அண்ணி சொன்னார். இப்போதைக்கு ஒரு ஜோடி குச்சியும் பிராக்டிஸ் பேடும் போதும். சுவரோடு சுவர் ஒட்டிய தெரு நம்முடையது; நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் பாவம்.

‘தகதிமி தகஜுணு’ என்று நிதானமாகச் சொல்லிப் பார். எட்டு எழுத்துக்கும் வலது கை ஹை-ஹேட்டில் விழும். இரண்டு ‘த’விலும் வலது கால், பேஸ் டிரம். ‘தி’யிலும் ‘ஜு’விலும் இடது கை, ஸ்னேர். ராக்கின் அடிப்படைத் தாளம் இதுதான். வீட்டில் பேடு ஹை-ஹேட், மடியில் தலையணை ஸ்னேர், காலுக்குத் தரை.

கையும் காலும் சேரும் இடத்தைக் கவனி. ஒரே சத்தம் கேட்க வேண்டும். ‘டடக்’ என்று இரண்டாகக் கேட்டால் மெட்ரோனோமை 60-க்கு இறக்கு. பழைய ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த ஊர்க்காரனுக்கு வேகத்தில் ஆசை இருக்கும்தான். பந்தயமே 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது, நீயும் விட்டுவிடு.

நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஊர்வலத்தில் கேட்டு வளர்ந்த குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, அடிக்கு மூன்று. உற்சாகம் வந்தால் கை அந்தப் பக்கம் சாயும். ராக் தாளத்தில் அடிக்கு இரண்டு, சம இடைவெளி. ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ (1980) கேள். அதில் டிரம்மர் பில் ரட் ஜோடனையே இல்லாமல் அடிப்பார். அந்த நிதானம்தான் கஷ்டம், ரோல் எல்லாம் அப்புறம். தாளம் கையில் நிலைத்தபின், இரண்டாவது ‘த’வை அடுத்த ‘க’விலும் காலை வை. பாட்டின் போக்கே மாறிவிடும்.

குச்சிக்கு மவுண்ட் ரோடு போகலாம். 1842-இலிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் அங்கேதான். எண் கூடினால் குச்சி மெலியும். 7ஏ மெல்லியது, 5பி தடித்தது, இடையில் 5ஏ: 16 அங்குல நீளம், சுமார் 14 மில்லிமீட்டர் தடிமன். உனக்கு 5ஏ, ஹிக்கரி மரம், மர முனை. பிராண்டு பார்த்து மயங்காதே. கண்ணாடி மேஜையில் உருட்டு. தள்ளாடினால் வளைந்த குச்சி. இரண்டையும் பேடில் தட்டு. ஒன்று கனத்தும் மற்றது கீச்சென்றும் ஒலித்தால் வேறு ஜோடி கேள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பணத்துக்கு அப்பாவிடம் போகாதே, நான் தருகிறேன்.

உன் சித்தப்பா