மனச்சிதைவு நோயை அறிதல்

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடப்பது சவ்வாது மலை. அம்மலையில் காவலூர் என்னும் ஊரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் விண்மீன்களை ஆராயப் பயன்பட்டு வருகிறது. நெடுந்தொலைவிலுள்ள விண்மீனைக் காணக் கருவி உண்டு. அருகில் இருப்பவரின் மனத்தைக் காணக் கருவி இல்லை. அவ்வாறாயின், மனச்சிதைவு நோயை மருத்துவர் எங்ஙனம் அறிகின்றார்?

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908-இல் இந்நோய்க்கு ‘ஸ்கிசோப்ரினியா’ என்று பெயரிட்டார். ஒருவர் இருவராக மாறும் நோய் இது எனக் கருதுவது பிழை. எண்ணமும் உணர்வும் செயலும் இணைந்து இயங்காமல் சிதறுவதே இதன் தன்மை. பெரும்பாலும் இளமைப் பருவத்தில் இது தோன்றும். பேசுவார் இல்லாதபோதும் குரல் கேட்கும். அயலார் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்னும் பொய்ந்நம்பிக்கை வேரூன்றும். பேச்சு தொடர்பற்றுப் போகும். இவை எளிதில் புலப்படுவன. நீராடுதல், உழைத்தல், நண்பருடன் பழகுதல் ஆகியவற்றில் நாட்டம் குன்றுதலும் ஓர் அறிகுறியே. அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்வோர் பலர்.

இந்நோயை உறுதிசெய்யும் குருதிச் சோதனை இல்லை. வலிப்பு, மூளைக்கட்டி, போதைப்பொருள் முதலிய பிற காரணங்களை விலக்குவதற்கே சோதனைகள் செய்யப்படுகின்றன. மருத்துவர் நோயாளியின் சொற்களைப் பொறுமையாகக் கேட்கின்றார், வீட்டாரையும் உசாவுகின்றார். அறிகுறிகள் ஒரு மாதமேனும் நீடித்தனவா, அன்றாட வாழ்வைக் குலைத்தனவா என்று ஆராய்கின்றார். ஊர் வழக்கத்தையும் கருத்திற் கொள்கின்றார். திருவிழாவில் சாமியாடுபவர் அதனாலேயே நோயாளி ஆகார். விழா முடிந்ததும் அவர் தம் உழவுக்குத் திரும்பிவிடுகின்றார். பிறர் எவருக்கும் விளங்காத அச்சத்தில் ஒருவர் பல வாரங்கள் தனித்து உழல்வாராயின், அவருக்கு மருத்துவ உதவி வேண்டும்.

நோயாளரை மருத்துவரிடம் சேர்க்காமல் கட்டிவைத்த கொடுமையும் நம் நாட்டில் நிகழ்ந்ததுண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தலைத் தடுக்கின்றது.

விரைவில் தொடங்கும் மருத்துவமே மிகுந்த பயன் தரும். முறையாக மருந்து உண்டு, வீட்டாரின் அரவணைப்பும் பெற்றோர் பலர் மீண்டும் கல்வியும் தொழிலும் மேற்கொள்கின்றனர். 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி அறிவுரை பெறலாம். மலையூர்களிலிருந்து மனநல மருத்துவரை அடைதல் எளிதன்று. ஆதலின், மாற்றத்தை முதலில் காண்பவர் உடன் வாழ்வோரே. தோழன் ஒருவன் வரவரத் தனித்திருப்பதைக் காணும் மாணவன், அவனை எள்ளி நகையாடாமல், அம்மாற்றம் எந்நாளில் தொடங்கியது என்பதைப் பெரியோரிடம் உரைத்தல் கடமையாகும்.