வற்றிய கிணறும் பட்ட மரமும்

அன்புள்ள மலர்,

பள்ளியில் காட்டுத்தீயைப் பற்றிப் பேசப் போவதாக எழுதியிருந்தாய். 2020 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ வானம் செம்மஞ்சளாக மாறிய படத்தையும் காட்டப் போகிறாயாமே. காட்டு. ஆனால் அன்று அந்த நகரத்துப் புகை பெரும்பாலும் உயரத்திலேயே நின்றது. கடலிலிருந்து வந்த குளிர்காற்று அதைத் தரைக்கு இறங்கவிடவில்லை. அந்த மாதம் மூச்சுத் திணறியவர்களைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே, மலைகள் சூழ்ந்த சான் வாக்கின் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே புகுந்த புகை எளிதில் வெளியேறாது.

கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2012 முதல் 2016 வரை கலிபோர்னியாவில் கடும் வறட்சி. ஆற்றுநீர் குறைந்ததும் பண்ணைகள் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சின. அதே பள்ளத்தாக்கில், விவசாயக் கூலிகள் நிறைந்த ஈஸ்ட் போர்ட்டர்வில்லில், ஆழமில்லாத வீட்டுக் கிணறுகள் 2014இல் நூற்றுக்கணக்கில் வற்றின. குளிக்க, கழிப்பறைக்கு, கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. வறட்சி என்றதும் நமக்குத் தாகம்தான் நினைவுக்கு வருகிறது. கை கழுவ முடியாத வீட்டில் நோய் புகுவதை நினைப்பதில்லை. நீர் கிடைத்தாலும் முழு நிம்மதி இல்லை. அளவுமீறி உறிஞ்சும்போது களிமண் அடுக்குகள் நசுங்கி, அவற்றில் அடைந்திருந்த ஆர்சனிக் நீரில் கலக்கிறது. அதற்கு நிறமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது.

அதே வறட்சி கிழக்கே சியரா நெவாடா மலையில் மரங்களைக் கொன்றது. நீர் வற்றிய மரத்தால் பிசின் சுரந்து பட்டை வண்டுகளைத் தடுக்க முடியவில்லை. 10 கோடிக்கும் மேல் மரங்கள் பட்டுப்போயின. 2020இல் ‘க்ரீக்’ என்ற காட்டுத்தீ அவற்றைத் தின்று 3,70,000 ஏக்கருக்கு மேல் பரவியது.

புகை இறங்கிய கீழ்ப் பள்ளத்தாக்கில் அப்போது திராட்சை அறுவடைக் காலம். புகையிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போய், ரத்தத்திலும் கலக்கக்கூடியவை. சன்னலைச் சாத்தி வீட்டுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு; கூலிக்காரருக்கோ அது ஒருநாள் சம்பள இழப்பு. காற்றுத்தரக் குறியீடு 151ஐத் தொட்டால் தொழிலாளிக்கு முகக்கவசம் தரவேண்டும் என்று 2019இலேயே கலிபோர்னியா விதி செய்தது. நல்ல விதிதான். ஆனால் குடியேற்ற ஆவணம் இல்லாதவர் முதலாளியிடம் எப்படிக் கேட்பார்? மெக்சிகோவின் பழங்குடி மொழியான மிஷ்டெக் மட்டும் அறிந்தவருக்கு ஸ்பானிஷ் அறிவிப்பும் அந்நியம்தானே?

இதை வெறும் இயற்கைச் சீற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே வறட்சி, ஒரே பள்ளத்தாக்கின் ஏழைகளை, முதலில் கிணற்றிலும் பிறகு மூச்சிலும் அடித்திருக்கிறது.

உன் பேச்சில் அந்தச் செம்மஞ்சள் வானத்துக்கு முன்னால், ஈஸ்ட் போர்ட்டர்வில் கிணறுகளைச் சொல், மலர்.

அன்புடன்,
சித்தப்பா