விமானத் தூரமும் பிரயாண நேரமும்

கர்நாடக எல்லையில், ஓசூரை அடுத்துள்ள அத்திபெலேயிலிருந்து சென்னை செல்லும் பிரயாணிக்கு ஆகாய மார்க்கம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது? இதனை வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்ட இயலும்.

இரு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு அறியலாம். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் வட அட்சம் 13.20 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 77.71 பாகையிலும் அமைந்துள்ளது. சென்னை மீனம்பாக்கம் 12.99, 80.17 பாகைகளில் உள்ளது. அட்ச வித்தியாசம் 0.21 பாகை; பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் இது 23 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கி நெருங்குவதால், இப்பகுதியில் ஒரு தீர்க்கப் பாகை 108.4 கிலோமீட்டரே ஆகும். ஆகவே 2.46 பாகைக்கு 267 கிலோமீட்டர். செங்கோண முக்கோண விதிப்படி நேர்த்தூரம் சுமார் 268 கிலோமீட்டர். தூரம் மிகுந்த இடங்களுக்குப் பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் கோள முறையே பொருந்தும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் இத்தூரத்தை 20 நிமிடத்தில் கடக்க வேண்டும். ஆயினும் அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் குறிக்கப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வேகத்தைக் குறைத்து இறங்குதல், நிற்குமிடத்தை அடைதல் ஆகியவையும் அதில் அடங்கும். குறுந்தூரப் பிரயாணத்தில் முழு வேகத்திற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

தரைப் பிரயாணமும் கணக்கில் சேர வேண்டும். 2008 மே வரை பயணிகள் விமானங்கள் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து புறப்பட்டன. அது அத்திபெலேயிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 22 கிலோமீட்டர். தேவனஹள்ளியோ 47 கிலோமீட்டர். இம்மாற்றத்தால் சென்னைக்கு விமானத் தூரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் குறைந்தது. அத்திபெலே மக்களுக்குத் தரைத் தூரமோ இருமடங்குக்கு மேலாயிற்று.

சாலை வழியே நிலையம் சேர 2 மணி, முன்னதாகக் காத்திருக்க 2 மணி, விமானத்தில் 1 மணி, இறங்கி வெளியேற அரை மணி எனக் கொண்டால் மொத்தம் ஐந்தரை மணி ஆகிறது. கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குச் சாலைத் தூரம் சுமார் 310 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 55 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கும் ஏறக்குறைய அதே நேரமே பிடிக்கும். டெல்லிக்கோ நிலைமை வேறு. விமானத் தூரம் சுமார் 1,700 கிலோமீட்டர். பறக்கும் நேரம் மூன்று மணிக்கும் குறைவு. இரயிலிலோ ஒரு நாளுக்கும் மேலாகும்.

தூரம் மிகுந்தால் விமானத்தின் வேகம் பயன் தருகிறது. தூரம் குறைந்தால் நிலையத்தின் அண்மையே முக்கியமாகிறது. ஓசூரில் விமான நிலையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் அறிவித்ததன் பொருளை மாணவர் இக்கணக்கின் வாயிலாக உணரலாம். ஆசிரியர்கள் தத்தம் ஊரிலிருந்து இரு நகரங்களைத் தேர்ந்து, இவ்வாறே ஓர் அட்டவணை தயாரிக்கச் செய்தல் நலம்.