வண்டியில் ரேடியோவா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள்

காரில் ஹாம் ரேடியோ பொருத்துகிறவர்களின் கவலையெல்லாம் பெரும்பாலும் ஆன்டெனாவைப் பற்றித்தான். ஆனால் தீப்பிடிக்கக்கூடியது மின்வயர். 50 வாட் வி.எச்.எஃப். ரேடியோ, பேசும்போது 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் போதாதா? கையடக்க வாக்கி டாக்கிக்குப் போதும். இவ்வளவு மின்சாரத்துக்கு அந்தத் தளர்வான தொடர்பு சூடாகும். பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுப்பதுதான் முறை. ‘ரேடியோவில்தான் ஃபியூஸ் இருக்கிறதே’ என்பார்கள். ஃபியூஸ் முதலில் காப்பது வயரை. எஞ்சின் பக்கத் தகட்டில் உரசி வயரின் உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அங்கேயே கொட்டிவிடும். ரேடியோவை ஒட்டிய ஃபியூஸ் வரை அது வரவே வராது. ஆகவே பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள புதிய கார்களில், நெகட்டிவ் வயரைப் பாடியின் எர்த் போல்ட்டில் இணைப்பது நல்லது.

பெட்டியோ மைக்கோ ஏர்பேக் விரியும் வழியில் இருக்கவே கூடாது. விபத்தில் அது உங்கள் முகத்தை நோக்கித்தான் பாயும். ஆன்டெனாவை மாட்டாமல் பேசும் பட்டனை அழுத்தினால் ரேடியோவே பழுதாகலாம். பெட்ரோல் பங்க்கில் அணைத்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பேசக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அலைவரிசை மாற்ற வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாற்றுங்கள்.