நீலப் புறா எங்கிருந்து வந்தது?

கோயில் கோபுரங்களிலும் பழைய கட்டடங்களின் மாடங்களிலும் வாழும் மாடப்புறாவை நீங்கள் நன்கு அறிவீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது அதன் நிறத்தைச் சற்று உற்றுக் கவனியுங்கள். உடல் நீலம் கலந்த சாம்பல் நிறம். மடக்கிய இறக்கையின்மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள். வால் நுனியில் ஒரு கறுப்புக் கரை. இந்த மூன்று அடையாளங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அழகுப் புறா வளர்ப்பவர் ஒருவரின் கூண்டுக்கு வருவோம். வாலை விசிறிபோல் விரித்து நிற்கிறது லக்கா. பறக்கும்போதே குட்டிக்கரணம் போடுகிறது கர்ணப் புறா. மாடப்புறாவின் வாலில் பொதுவாக 12 இறகுகள் இருக்கும். லக்காவுக்கோ 30, சிலவற்றிற்கு 40 இறகுகள்கூட உண்டு. இவ்வளவு வேறுபட்ட பறவைகள் ஒரே மூதாதையின் வழி வந்தவையாக இருக்க முடியுமா?

இந்தக் கேள்வி சார்லஸ் டார்வினையும் ஆட்கொண்டது. 1855-இல் அவர் தம் வீட்டிலேயே புறா வளர்க்கத் தொடங்கினார். லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டில் உறுப்பினரானார். பல நாடுகளிலிருந்து புறாத் தோல்களை வரவழைத்தார். இந்தியப் புறாக்களின் தோல்களை அவருக்கு அனுப்பியவர், சென்னையில் அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட்.

டார்வின் செய்த சோதனை ஒன்றைப் பாருங்கள். வெள்ளை லக்காவைக் கறுப்பு நிற 'பார்ப்' வகையுடன் கலந்தார். வெள்ளை உடலும் சிவப்பு வாலும் கொண்ட 'ஸ்பாட்' வகையையும் பார்ப்புடன் கலந்தார். குஞ்சுகள் மங்கலாகவும் திட்டுத் திட்டாகவும் இருந்தன. பின்பு முதல் கலப்பில் பிறந்த ஒன்றை இரண்டாம் கலப்பில் பிறந்த ஒன்றுடன் இணை சேர்த்தார். பிறந்ததோ அழகிய நீலப் புறா! இறக்கையில் இரு பட்டைகள், வாலில் கறுப்புக் கரை. பாட்டன் பாட்டிகளில் எவரும் நீலம் இல்லை. அப்படியானால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது?

எல்லா வகைகளுக்கும் மாடப்புறாவே மூதாதை என்பதற்கு இதை ஒரு சான்றாக டார்வின் காட்டினார். ஆனால் மறைந்த நிறம் மீண்டும் தோன்றும் வழி அவருக்குப் புலப்படவில்லை. இன்று நமக்குத் தெரியும். கறுப்புப் புறாவிடம் நீலத்துக்குரிய ஜீன் இல்லாமல் போய்விடவில்லை. வேறொரு ஜீன் கறுப்பு நிறமியை இறகு முழுவதும் பரப்பிப் பட்டைகளை மறைத்துவிடுகிறது. வெள்ளைப் புறாவில் நிறமி படியாதபடி மற்றொரு ஜீன் தடுக்கிறது. மறைக்கும் ஜீன்களின் செயல் பேரக்குஞ்சில் இல்லாதபோது, பழைய நீலம் வெளிப்படுகிறது.

மரபியலின் இந்த விளையாட்டைக் காண நீங்கள் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாணவியின் வீட்டு மாடியில் புறாக்கூண்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீல நிற ஆண் புறாவையும் சாம்பல் சிவப்பு நிறப் பெட்டையையும் அவள் இணை சேர்க்கிறாள். பெட்டை இரண்டு முட்டைகள் இடுகிறது. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்க, ஏறத்தாழ 18 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. புறாக்களில் ஆணையும் பெட்டையையும் தோற்றத்தால் பிரித்தறிவது கடினம். ஆயினும் குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும் அவள், "சிவப்பு ஆண், நீலம் பெட்டை" என்று தன் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறாள். எப்படி?

இந்த நிறங்களுக்குரிய ஜீன் 'இசட்' என்னும் குரோமோசோமில் உள்ளது. ஆண் புறாவுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தந்தையிடமிருந்து பெறுவதால் அது நீலமாகிறது. ஆண் குஞ்சுக்குத் தாயின் இசட்டும் கிடைக்கிறது. சிவப்பு நீலத்தை அடக்கும் ஓங்கு பண்பு. ஆகவே ஆண் குஞ்சு சிவப்பாகிறது.

நிறம் மட்டுமா மறைந்திருக்கும்? நோயும் குறையும்கூட மறைந்திருக்கலாம். பரிசு பெற்ற புறாவின் அழகு மாறாமல் இருக்க வேண்டும் என்று உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தால், மறைந்திருந்த தீய ஜீன்கள் இரண்டு ஒரே குஞ்சில் சேர வாய்ப்பு மிகுதி.

கண்காட்சியில் நடுவர்கள் ஒவ்வொரு வகைக்கும் வகுத்த இலக்கணப்படி மதிப்பெண் தருகிறார்கள். அலகு குட்டையாக இருப்பது அழகு என்று ஒரு வகைக்கு இலக்கணம் வகுத்தால் என்ன நேரும்? வளர்ப்பவர்கள் மேலும் மேலும் குட்டை அலகையே தேர்ந்தெடுப்பார்கள். குட்டை அலகுக் கர்ணப் புறாக்களில் பல குஞ்சுகள் ஓட்டை உடைக்க முடியாமல் முட்டைக்குள்ளேயே மடிந்தன என்றும், வளர்ப்பவர்களே ஓட்டை உடைத்து உதவினார்கள் என்றும் டார்வின் எழுதினார். இன்றும் மிகக் குட்டை அலகு வகைகளின் குஞ்சுகளை வேறு வகைப் புறாக்களிடம் விட்டு வளர்ப்பது உண்டு. பெற்றோரால் அவற்றுக்குச் சரியாக ஊட்ட முடிவதில்லை.

எனவே, புறா வளர்க்கும் மாணவர்களே, உங்கள் குறிப்பேட்டில் நிறத்தையும் வாலையும் மட்டும் குறிக்காதீர்கள். இட்ட முட்டைகள் எத்தனை, பொரித்தவை எத்தனை, தாய் தந்தையே ஊட்டி வளர்த்தவை எத்தனை என்பதையும் எழுதுங்கள். அழகாக இருந்தும் தன் குஞ்சைத் தானே வளர்க்க முடியாத புறாவை நல்ல புறா என்று சொல்லலாமா? தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது; அதன் விளைவைச் சுமப்பதோ புறா.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. லாஸ்பேட்டை மாணவி இணையை மாற்றி, நீலப் பெட்டையைக் கலப்பில்லாத சாம்பல் சிவப்பு ஆணுடன் சேர்த்தால் குஞ்சுகள் எந்த நிறத்தில் இருக்கும்? அப்போதும் நிறத்தைக் கொண்டு ஆண், பெட்டையைச் சொல்ல முடியுமா? இசட் குரோமோசோம்களைக் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள்; விடை தானே கிடைக்கும்.