மாதிரி ரயிலுக்கு எந்தக் கண்ட்ரோலர் நல்லது?



நம்ம கம்பம் பள்ளத்தாக்குல ரயில் பாதை கிடையாது. ரயில் ஏறணும்னா தேனிக்கோ போடிக்கோ போகணும். அங்கேயும் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றுவிட்டது. அகலப்பாதை போட்ட பிறகு 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் திரும்ப வந்தது. இந்த மதுரை - போடி பாதையைத்தான் அறிவியல் கண்காட்சிக்கு மாதிரியாகச் செய்யப்போகிறோம். ரயிலைப் பக்கத்தில் பார்க்காத சின்னப் பிள்ளைகள் நிறைய பேர் வருவாங்க. அன்னைக்கு ரயில் ஓடாம நின்னா நாம சேர்த்த காசும் வீண், அவங்க ஆசையும் வீண். அதனால ரயிலை ஓட்டும் கண்ட்ரோலரைப் பற்றிப் படித்ததை எழுதுகிறேன்.

சாதா கண்ட்ரோலர்

இது தண்டவாளத்துக்கு நேர்மின்னோட்டம் கொடுக்கும். பெரும்பாலும் 12 வோல்ட் வரைதான். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். நேர்முனை, எதிர்முனையை மாற்றினால் ரயில் பின்னால் போகும். விலை குறைவு, பழகுவதும் சுலபம். ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

டிஜிட்டல் கண்ட்ரோலர்

இதில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு வோல்ட் இருக்கும். ஆனால் அதன் முனைகள் மிக வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். 58 மைக்ரோ வினாடியில் மாறினால் அது '1'. 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ ஆனால் '0'. இந்த 1, 0 சேர்ந்துதான் கட்டளை ஆகிறது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் உள்ளே டிகோடர் என்ற சின்ன மின்சுற்று இருக்கும். அதற்கு ஒரு எண் உண்டு. வகுப்பில் டீச்சர் வருகைப்பதிவு எடுக்கும்போது நம்ம எண்ணுக்கு மட்டும் "உள்ளேன்" சொல்கிறோமே, அதே மாதிரி தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் இன்ஜின் கேட்கும். அதனால் ஒன்று ஆண்டிபட்டியில் நிற்கும்போது இன்னொன்றை உசிலம்பட்டியிலிருந்து கிளப்பலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பொது விதிமுறை: 1990-களில் அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்குப் பொதுவான விதிமுறை வகுத்தது. அதன்படி செய்த கண்ட்ரோலர், வேறு கம்பெனி இன்ஜினையும் ஓட்டும்.

2. நிறுத்தும் பட்டன்: எல்லா ரயிலையும் ஒரே தட்டில் நிறுத்தும் பட்டன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும்.

3. தானாக நிற்பது: ரயில் தடம் புரண்டால் இரண்டு தண்டவாளமும் சேர்ந்து ஷார்ட் ஆகும். உடனே கண்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்தணும். ஒரு ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வைத்தால் இது தெரிந்துவிடும். (ஆசிரியர் முன்னிலையில் மட்டும்!)

4. கரண்ட் போய் வந்தால்: வந்த உடனே ரயில் தானாகப் பாயக் கூடாது.

5. திருகும் குமிழ்: ரயிலைப் பார்த்துக்கொண்டே கையால் திருகலாம். செல்போனில் ஓட்டும் வகையும் உண்டு. ஆனால் கண்காட்சி நடுவில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது?

உங்களுக்குத் தெரியுமா?

* எச்.ஓ. என்ற அளவில் எல்லாமே நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. சுமார் 90 கிலோமீட்டர் உள்ள மதுரை - போடி பாதையை அந்த அளவில் செய்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்!

* புனேயில் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

என் கருத்து

ஒரு ரயில் மட்டும்னா சாதா கண்ட்ரோலரே போதும், வீண் செலவு வேண்டாம். ஒத்தைப் பாதையில் இரண்டு ரயில் விடணும்னா டிஜிட்டல் வாங்கலாம். எதை வாங்கினாலும் "எவ்வளவு வேகமா ஓடும்?" என்று கேட்பதற்கு முன்னால் "எவ்வளவு சீக்கிரம் நிற்கும்?" என்று கேட்போம்.

சிந்தியுங்கள்: சாதா கண்ட்ரோலரிலேயே இரண்டு ரயிலில் ஒன்றை மட்டும் நிறுத்த ஒரு வழி உண்டு. அது என்ன? (குறிப்பு: தண்டவாளத்தில் ஓர் இடைவெளி, ஒரு சுவிட்ச்.) விடை அடுத்த இதழில்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி