கடியாச் சிற்றீக்களை இனங்காணும் முறை

மாலை வேளையில் குளக்கரையிலும் தெருவிளக்கினடியிலும் புகைபோல் திரண்டு ஆடும் பூச்சிகளைக் கண்டவுடன், கொசு பெருகிவிட்டதென மனு எழுதுவோர் பலர். பல சமயங்களில் அவை கைரோனோமிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்த கடியாச் சிற்றீக்களேயாகும். இவை இரத்தம் உறிஞ்சுவதில்லை. மலேரியாவையோ யானைக்கால் நோயையோ பரப்புவதுமில்லை. இவற்றைக் கொசுவென மயங்கி மருந்து தெளித்தால் பொருள் வீணாவது ஒருபுறமிருக்க, அனாபிலிஸ் உண்மையில் வளரும் இடம் கவனிப்பாரற்றுப் போகும்.

வளர்ந்த பூச்சியில் முதற்கண் வாயை நோக்குக. கொசுவிற்குத் தலையினின்று நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. சிற்றீக்கு அஃது இல்லை. கொசுவின் சிறகு நரம்புகளிற் படிந்துள்ள செதில்களும் இதன் சிறகில் இல்லை. சுவரில் அமர்ந்திருக்கையில் கொசு பெரும்பாலும் பின்னங்கால்களை உயர்த்தும். சிற்றீயோ நீண்ட முன்னங்கால்களை உயர்த்தி அசைக்கும். ஆணின் உணர்கொம்பு இறகுபோன்றிருத்தல் இரண்டிற்கும் பொது. புதியவர்கள் இதனை அடையாளமாகக் கொண்டே பெரிதும் ஏமாறுகின்றனர்.

கடிக்கும் சிற்றீக்களும் உள. கால்நடைகளுக்கு நீலநாக்கு நோயைக் கொணரும் கியூலிகாய்டிஸ் அவ்வகையது. அதன் உடல் மிகச் சிறிது. சிறகில் பெரும்பாலும் புள்ளிகள் காணப்படும். சிறகின் நடுநரம்பு இரண்டாகக் கிளைக்கும். கடியாதவற்றில் அந்நரம்பு கிளைப்பதில்லை. இதனைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

புழுப்பருவமே களப்பணியாளருக்கு மிகவும் பயன்படுவது. கைரோனோமஸ் முதலிய சிலவற்றின் புழு, உடலிலுள்ள ஹீமோகுளோபினால் செந்நிறமாயிருக்கும். ஆக்ஸிஜன் குன்றிய சேற்றில் அது வாழ்வதற்கு இதுவே துணை. ஆயின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. வெளிறியனவும் பச்சையானவையும் உண்டு. தலைக்குப் பின்னே ஓரிணையும் வாலருகே ஓரிணையுமாகப் பொய்க்கால்கள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். கொசுப்புழுவிற்குப் பொய்க்கால் கிடையாது. அதன் மார்பு பருத்து வயிற்றினும் அகன்றிருக்கும். முகந்த நீரை வெள்ளைத் தட்டிலிட்டுச் சிறிது நேரம் அசையாது வைத்தால், கொசுப்புழு மூச்சிற்காக மேற்பரப்பிற்கு வரும். சிற்றீப்புழு அடியிலேயே நெளிந்துகொண்டிருக்கும். பள்ளிகளில் எளிதிற் செய்து காட்டத்தக்க சோதனை இது.

இப்புழுக்கள் மீன்களுக்கு நல்லுணவு. எனினும் இக்குடும்பத்தை முற்றும் தீங்கற்றதெனல் பொருந்தாது. சூடானில் நைல் நதிக்கரையில் ஒருவகைச் சிற்றீயின் பெருந்திரள் மக்களுக்கு ஆஸ்துமாவை விளைவித்ததுண்டு.

குடிநீர்த் தொட்டியில் செம்புழு கண்டால் நீரை வடித்து, அடிவண்டலைத் தேய்த்து நீக்கி, நெருங்கிய கண்ணுடைய வலையால் மூடச் செய்க. நீரை வடிக்குமுன் மேற்பரப்பை மீண்டுமொருமுறை முகந்து பார்த்தல் வேண்டும். நகரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸியும் இத்தகைய தொட்டிகளிலேயே முட்டையிடும்.